மலைநாட்டு வீதிகளில் கொதித்த எஞ்சின் – ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மலைநாட்டு வரலாறு பெரும்பாலும் பயிரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டமை, 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டமை, பின்னர் கோப்பி அழிந்து தேயிலை பரவியமை, 1972 ஆம் 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானமை, 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டமை ஆகியன நாம் நன்கறிந்த செய்திகள். ஆனால் மலையில் விளைந்தது மலையிலிருந்து இறங்க வேண்டும். மலையில் உழைத்தவர்க்குரிய அரிசி மலைக்கு ஏற வேண்டும். இவ்விரண்டையும் செய்த வண்டிகளைப் பற்றியும், அவ்வண்டிகளைச் செலுத்திச் செப்பனிட்ட கைகளைப் பற்றியும் நமது நூல்கள் சொல்வது மிகக் குறைவு.

அவ்வண்டிகள் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏற்றத்தில் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, மூடியின் வழியே ஆவி கிளம்பி வண்டி நின்றுவிடுதல் என்பதே அவ்விடர். அற்பமான பொருளாக இது தோன்றலாம். எனினும், வண்டி நின்ற இடத்தில் நோயை அறிந்து தீர்த்தவர் யார், அவ்வறிவு அவர்க்கு எங்கிருந்து வந்தது, அதற்குச் சமூகம் அளித்த மதிப்பு யாது என்று தொடர்ந்து வினவுவோமாயின், மலையகத் தமிழரின் தொழில் வரலாற்றில் இதுவரை திறக்கப்படாத ஒரு கதவு திறக்கும் எனலாம்.

புகைவண்டியும் நீரும்

மலையேறும் எந்திரத்துக்கு நீர் வேண்டும் என்பதை இந்நாட்டவர்க்கு முதலில் உணர்த்தியது மோட்டார் வண்டியன்று, புகைவண்டியே. இருப்புப்பாதை 1867 இல் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் ஹட்டனையும், 1885 இல் நானு ஓயாவையும் அடைந்தது. அதற்கு முன் கோப்பி மூட்டைகளைச் சுமந்த மாட்டு வண்டிகளுக்குப் பல நாட்கள் பிடித்த வழி, அதன் பின்னர் ஒரு பகற் பொழுதின் பயணமாகச் சுருங்கியது. ஆயின் நீராவி எஞ்சின் நீரை உண்டே மலையேறிற்று. நிலையங்களில் நீர்த்தொட்டிகள் அமைக்கப்பட்டன. எஞ்சினைச் செலுத்துபவர், நெருப்பிடுபவர், பட்டறைத் தொழிலாளர் எனத் தனித்தனிப் பணியாளர் நியமிக்கப்பட்டனர். அதாவது, வெப்பத்தையும் நீரையும் பற்றிய பொறுப்பு முழுவதையும் அரச திணைக்களம் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது.

மோட்டார் வண்டி இந்நிலையை மாற்றிற்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மோட்டார் வண்டிகள் இலங்கைக்கு வரத்தொடங்கின. 1904 இல் இலங்கை மோட்டார்ச் சங்கம் நிறுவப்பட்டது. தோட்டத்துரைமாரின் கார்களைத் தொடர்ந்து லொறிகளும் பஸ்களும் மலைக்கு வந்தன. நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற உடப்புசல்லாவைக் குறும்பாதை 1903-1904 இல் திறக்கப்பட்டு, வீதிப் போக்குவரத்தின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாது 1940களில் கைவிடப்பட்டது. தண்டவாளத்தை லொறி வென்றது என இதனைக் கூறலாம். ஆனால் அவ்வெற்றியுடன் ஒரு சுமையும் சேர்ந்து வந்தது. நீர்த்தொட்டியும் பட்டறையும் பணியாளர் படையும் இல்லாத வீதியில், எஞ்சினின் சூட்டுக்குச் சாரதி ஒருவனே பொறுப்பாளியானான்.

சூடு எங்கே போகிறது?

மோட்டார் எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பம் முழுவதும் சில்லைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உடலில் ஏறிக் குளிர்நீர் வழியாக வெளியேற வேண்டியுள்ளது. 1886 இல் கார்ல் பென்ஸ் அமைத்த முதல் வண்டியில் நீர் கொதித்து ஆவியாகியே சூட்டைக் கொண்டுசென்றது. ஆதலின் நீரை அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. 1900-1901 இல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூடு போன்ற ரேடியேற்றரை அமைத்த பின்னரே, சிறிதளவு நீரையே மீண்டும் மீண்டும் சுற்றவிட்டுக் காற்றால் குளிர்விக்கும் முறை உறுதிபெற்றது.

அந்நீரைச் சுற்றவைப்பதற்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, பம்பினால் தள்ளுதல். மற்றொன்று, சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கையை நம்பிப் பம்பின்றி விடுதல். ஃபோர்ட் ‘ரி’ வகை வண்டிகளில் மிகப் பெரும்பாலானவையும், 1922 இல் வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்னும் சிறு காரும், 1948 இல் வந்த முதல் மொறிஸ் மைனரும் இரண்டாம் வழியையே பின்பற்றின. இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. ரேடியேற்றரின் மேற்குழாய் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டால், சுழற்சி அறுந்துவிடும். சற்றுக் குறைந்த நீரும் முற்றாகக் குறைந்த நீர் போலாகும். காலையில் வண்டியை எடுக்குமுன் ‘தண்ணீர் பார்த்தல்’ என்பது பழைய சாரதிகளிடம் ஒரு சடங்கு போல் நிலைத்தமைக்குக் காரணம் இதுவே. பம்பு வந்த பின்னரும் அப்பழக்கம் நின்றது. ஒரு தொழில்நுட்பம் மறைந்த பின்னும் அது வளர்த்த ஒழுக்கம் வாழும் என்பதற்கு இது தக்க சான்று.

உயரம் என்னும் எதிரி

சமவெளியில் நன்கு ஓடும் வண்டி மலையில் ஏன் கொதிக்கிறது? அவிசாவளையிலிருந்து கித்துள்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கும், அங்கிருந்து தலவாக்கலையூடாக நுவரெலியாவுக்கும் செல்லும் வீதியை நோக்குக. அன்றிக் கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் வீதியை நோக்குக. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்கிறது. எஞ்சினோ விரைந்து சுழல்கிறது. வெப்பம் மிகுதியாகப் பிறக்கும் அதே வேளையில், ரேடியேற்றரினூடாகப் புகும் காற்று குறைகிறது. பின்புறமிருந்து காற்று வீசினால் நிலைமை மேலும் மோசமாகும்.

இதனோடு, நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகையிலும் நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும் கொதிக்கும். நுவரெலியாவில் பருப்பு வேகத் தாமதிப்பதும் அங்கே ரேடியேற்றர் விரைந்து கொதிப்பதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். இதற்கு மாற்றாகவே அழுத்த மூடி அமைக்கப்பட்டது. மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால் கொதிநிலை உயர்கிறது. 1950களின் பிரித்தானியக் கார்கள் சிலவற்றில் சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடிகள் இருந்தன. அத்தகைய மூடி, நுவரெலியாவில் கொதிநிலையை ஏறத்தாழ 102 பாகைக்கே உயர்த்தும். அதாவது, மலை பறித்துக்கொண்டதை அது திருப்பித் தந்ததேயன்றி வேறு பெரிய நன்மை எதனையும் செய்யவில்லை. பிற்கால வண்டிகளில் காணப்படும் 13 இறாத்தல் மூடியோ அதே ஊரில் கொதிநிலையை ஏறத்தாழ 115 பாகைக்கு உயர்த்துகிறது. மூடியின் அடியிலுள்ள இறப்பர் வளையம் தேய்ந்துபோனால் இந்த 21 பாகையும் இழக்கப்படும். ஆகவே, மலைநாட்டுச் சாரதி முதலில் ஐயுற வேண்டிய உறுப்பு மிகவும் மலிவான அம்மூடியே என்பது கவனிக்கத்தக்கது.

அறிவின் உறைவிடம்

இவ்வறிவு மலையகத்தில் எங்கே உறைந்தது? தேயிலைத் தோட்டத்தை வெறும் வயலாகக் காண்பது தவறு. மலையில் பறித்த கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்திப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்று தோட்டத்தின் நடுவே இருந்தது. நீர்ச்சக்கரமும் நீராவி எஞ்சினும் எண்ணெய் எஞ்சினும் அங்கே உருளைகளைச் சுழற்றின. எண்ணெய் எஞ்சினுக்கும் குளிர்நீர் வேண்டும். அதன் குழாயும் அடைபடும். அதன் கஸ்கற்றும் எரியும். லயத்திற் பிறந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, தொழிற்சாலைக்குள் எடுபிடியாகப் புகுந்த இளைஞன், துரையின் மொழியில் அச்சான கைநூலை வாசிக்க இயலாதவனாயினும், எஞ்சினின் உடலைக் கைதொட்டுக் கற்றான். அங்கிருந்து லொறியின் ‘கிளீனர்’ ஆவதும், பின் சாரதியாவதும் அவனுக்குக் கிட்டிய சில உயர்வுகளுட் சில. வீதியோரப் பீலியில் தகரப்பேணியை நிரப்பிக் கொண்டு ஓடிவருதலே கிளீனரின் முதற் பாடம்.

இவ்வுயர்வுக்கும் எல்லை இடப்பட்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கிற்று. 1958 ஜனவரி 1 ஆம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோது, அது நாட்டு மக்களுக்குப் பெருநன்மை பயத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், குடியுரிமை இல்லாதவனுக்கு அரசதுறை வேலை எட்டாக் கனியாகவே இருந்தது. தன் வீட்டு வாசலைக் கடந்து செல்லும் பஸ்ஸின் எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்பதை அறிந்தவன், அந்தப் பஸ்ஸின் பட்டறையில் வேலை கேட்க உரிமையற்றவனாய் இருந்தான். அவன் அறிவு தோட்டத்து லொறிக்கும் நகரத்துத் தனியார் கராஜுக்கும் உரியதாயிற்று.

1964 ஒக்ரோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 இல் உடன்பாடு கண்டது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களை நாம் எண்ணிக்கையாகவே நினைவிற் கொண்டுள்ளோம். அவர்களுள் எந்திரம் இயக்கியோரும் லொறி செலுத்தியோரும் இருந்திருப்பர் என்பதை ஊகித்தல் கடினமன்று. அவர்களோடு ஒரு தலைமுறையின் கைத்திறனும் கடல் கடந்தது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் எஞ்சியோர்க்குக் குடியுரிமை கிடைத்தது. சென்றவர் கொண்டுசென்ற திறனை எச்சட்டமும் மீட்டுத்தரவில்லை.

தட்டுப்பாடும் முற்றத்துப் பட்டறையும்

1970 முதல் 1977 வரை ஆட்சிசெய்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. 1973 இல் எண்ணெய் விலை உலகெங்கும் உயர்ந்தது. 1973-1974 இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பசியில் ஆழ்த்திற்று. இக்காலத்தில் புதிய கார் என்பது கனவு. புதிய உதிரிப்பாகமும் அரிது. பழைய ஒஸ்ரினும் மொறிஸும் மீண்டும் மீண்டும் செப்பனிடப்பட்டே ஓடின. கராஜின் வேலை வீட்டு முற்றத்துக்கு வந்தது. வாங்க இயலாதபோது சிந்திக்க வேண்டியுள்ளது; எதை மாற்றுவது என்பதைவிட, எதை மாற்றத் தேவையில்லை என்பதை அறிவதே அக்காலத்தில் பெருந்திறனாயிற்று.

அத்திறனின் உள்ளமைப்பை நோக்கின், அது மருத்துவரின் நாடி பார்த்தலைப் போன்ற ஓர் ஒழுங்குடையது என்பது புலனாகும். முதலில் எஞ்சினை நிறுத்தி, முழுதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால், அழுத்தம் விடுபட்ட நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பாயும். ஆறிய பின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்திருப்பின் எங்கே போயிற்று எனத் தேட வேண்டும்: குழாய்களின் இணைப்பில், ரேடியேற்றரின் அடியில், பம்பின் கீழே காய்ந்த கறை உண்டா? விசிறியையும் பம்பையும் சுழற்றும் பட்டி தளர்ந்துள்ளதா? ரேடியேற்றரின் முன்புறம் சேறும் பூச்சியும் அடைத்துள்ளனவா?

அடுத்து, ‘எப்போது கொதிக்கிறது?’ என்னும் வினா. நின்றுகொண்டிருக்கையிலும் ஊர்கையிலும் மட்டும் கொதித்து, ஓடுகையில் ஆறினால் குறை விசிறியிலோ காற்றோட்டத்திலோ உள்ளது. சமவெளியில் அமைதியாயிருந்து நீண்ட ஏற்றத்தில் மட்டும் கொதித்தால் ரேடியேற்றரின் உட்குழாய்கள் துருவால் அடைபட்டிருக்கலாம்; தீப்பொறி பிந்தி விழுவதும், பிரேக் விடாது பற்றுவதும் இவ்வாறே சூடேற்றும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறினால், நீர் குறைந்திருக்கலாம், பம்பு ஓடாதிருக்கலாம், அல்லது தெர்மோஸ்ற்றற் மூடியபடியே நின்றிருக்கலாம். வெளியே ஒழுக்கின்றி நீர் குறைவதும், மூடியைத் திறந்து குளிர்ந்த எஞ்சினை இயக்குகையில் ரேடியேற்றரில் இடைவிடாது குமிழி எழுவதும், வெண்புகை வருவதும், எஞ்சின் எண்ணெய் பாலேறியது போல் ஆவதும் தலைக் கஸ்கற் எரிந்ததற்கு அறிகுறிகள். இதுவரை கூறியவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே தீர்க்கலாம். இறுதியிற் கூறியது மட்டும் கராஜுக்கு உரியது. எல்லையை அறிதலும் அறிவின் ஒரு பகுதியேயாகும்.

தெர்மோஸ்ற்றற்றைச் சோதிக்கும் வழி உலகெங்கும் ஒன்றே: அதை நீருள்ள பாத்திரத்தில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு அடுப்பிலேற்றி, வெப்பமானியை அருகில் வைத்து, எப்போது திறக்கிறது எனப் பார்த்தல். ஆயின் மலைநாட்டில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. 88 பாகையில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்ற்றற் முழுவதும் திறக்க ஏறத்தாழ 100 பாகை வேண்டும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே கைநூல் கூறியபடி முழுத்திறப்பை எதிர்பார்ப்பவர், நல்ல உறுப்பைக் கெட்டதென எறிந்துவிடுவர். அங்கே திறக்கத் தொடங்கும் வெப்பநிலையையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். நூலறிவு இடத்தறிவோடு இணையாவிடின் பயன் தராது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

மரபை மெச்சும் முறை

மக்களின் தொழிலறிவைப் போற்றப் புகுவோர், அதன் பிழைகளையும் போற்றிவிடும் ஆபத்து உண்டு. கொதித்த எஞ்சினில் பீலியின் குளிர்நீரை உடனே ஊற்றுதல் பழைய வழக்கம். வார்ப்பிரும்பு வெடிப்பதற்கு அதுவே காரணமாகலாம். ஒழுக்கை அடைக்க முட்டையும் மிளகுத்தூளும் இடும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் இருந்தது. அவை ஒழுக்கோடு நல்ல குழாய்களையும் அடைத்தன. தெர்மோஸ்ற்றற்றைக் கழற்றி எறிந்துவிடுதல் வெப்ப நாடுகளில் பரவலான வழக்கம். கொழும்பின் வெயிலில் அதன் தீமை எளிதில் தெரியாது. உறைபனி விழும் நுவரெலியாத் தை மாதக் காலையிலோ எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், எண்ணெய் வீணாகும், உள்ளே கசடு படியும். கொதிப்பின் உண்மைக் காரணமும் தீராது. வெறும் நீரையே ஆண்டாண்டாகப் பயன்படுத்தியமையால் துரு படிந்து ரேடியேற்றர்கள் அடைபட்டன. துருவைத் தடுக்கும் குளிர்திரவம் அதற்குச் சிறந்த மாற்று. எனினும் அதிலுள்ள கிளைக்கோல் இனிப்பான நஞ்சாதலின், குழந்தைகளும் நாய்களும் அணுகாதவாறு காத்தல் வேண்டும்.

இப்பிழைகள் அறியாமையால் மட்டும் தோன்றியவையல்ல. உரிய பொருள் கிடைக்காதபோது, கிடைத்ததைக் கொண்டு இன்றைய பயணத்தை முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடியே அவற்றின் தாய். லொறி நின்றால் கொழுந்து வாடிக் கெடும். அரிசி வந்து சேராது. தவற்றைத் தவறு என்பதும், அதை விளைத்த நிலைமையை விளக்குவதும் வரலாற்று மாணவனின் இரட்டைக் கடமைகளாம்.

இன்றைய நிலை

1977 இன் பின் திறந்த பொருளாதாரம் யப்பானிய வண்டிகளைக் கொணர்ந்தது. பழைய பிரித்தானியக் கார்கள் பின்தள்ளப்பட்டன. எனினும் 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றுக்கு இலங்கையிலிருந்தே அக்காரின் உதிரிப்பாகங்கள் செய்து அனுப்பப்பட்டன. தட்டுப்பாட்டில் வளர்ந்த கைத்திறன், காரைப் படைத்த நாட்டுக்கே பாகம் வழங்கியது என்பது சிந்தனைக்குரியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இன் நெருக்கடியில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில், பழைய வண்டியைப் பேணி ஓட்டுவதன்றி வேறு வழியின்றி நாடு நின்றது. 1970களின் முற்றத்துப் பட்டறை மீண்டும் தேவைப்பட்டது. ஆனால் இடைக்காலத்தில் எஞ்சின் மாறிவிட்டது. மின்விசிறியும் உணரிகளும் கணினியும் அதனுள் புகுந்துள்ளன. எனினும் மாறாதவை உள: வெப்பம் வெளியேற வேண்டும், நீர் சுற்ற வேண்டும், நுவரெலியாவில் நீர் 94 பாகையில் கொதிக்கும்.

எனவே நம் முன்னுள்ள பணி தெளிவானது. தோட்டப் பதிவேடுகளில் கொழுந்தின் இறாத்தல் உண்டு. லொறி செலவிட்ட எண்ணெயின் கணக்கும் உண்டு. அந்த லொறியை ஓடவைத்தவனின் அறிவுக்குப் பதிவேடு இல்லை. அவ்வறிவைத் தாங்கியோர் இன்று முதியவர்களாய் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானு ஓயாவிலும், நீலகிரியிலுள்ள குடியேற்றங்களிலும் வாழ்கின்றனர். அவர்களுடைய சொற்களை, அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் பெயர்களை, நோயறிந்த முறைகளை, செய்த பிழைகளை உட்படத் திரட்டி எழுதும் கடமை, அவர்களின் உழைப்பால் விளைந்த செல்வத்தில் கல்வி பெறும் பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு உண்டு. அதற்குப் பெரும் நிதியோ பெரும் நிறுவனமோ வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் ஒரு முதிய சாரதியின் பக்கத்தில் அமர்ந்து, ‘ஏற்றத்தில் வண்டி கொதித்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ என்று கேட்டு, அவர் விடையை அவர் மொழியிலேயே எழுதிக்கொண்டு வந்தாற் போதும்.